இருபடை அலகு: வன்மையும் நொறுங்குமியல்பும்

உருக்கில் காபனின் அளவு கூடும்போது அதனை அதிக வன்மையுடையதாக்கலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். வன்மை கூடிய அலகின் கூர் எளிதில் மழுங்காது. ஆனால் அதே அலகு கல்லில் விழுந்தால் விளிம்பு தெறித்துவிடும். வன்மையும் நொறுங்குமியல்பும் சேர்ந்தே வருவதுதான் கத்தி செய்பவர் எதிர்நோக்கும் சிக்கல். "வன்மை கூடினால் கத்தி நல்லது" என்று மட்டும் எழுதும் விடை அரைகுறையானது.

யப்பானின் ஒசாக்கா மாநிலத்திலுள்ள சாக்காய் நகரக் கொல்லர்கள் இதற்கு இரண்டு உலோகங்களைப் பயன்படுத்துகின்றனர். பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக வெட்டும் யனகிபா என்னும் கத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டையான பின்பக்கம் 'ஹகனே' எனப்படும் உயர்காபன் உருக்கு. இதில் காபன் ஏறத்தாழ 1%. சரிவாகத் தீட்டப்படும் முன்பக்கம் 'ஜிகனே' எனப்படும் மென்னிரும்பு. இதில் காபன் மிகக் குறைவு. உருக்கு வெட்டுகின்றது, இரும்பு அதனைத் தாங்குகின்றது.

இவ்விரண்டும் எவ்வாறு ஒட்டுகின்றன? உலையில் சூடேறும் இரும்பு வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்று மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படை ஒன்றை உண்டாக்கும். இப்படை இருக்கும்வரை உலோகங்கள் ஒன்றையொன்று தொடமாட்டா. ஆகவே கொல்லர் இடையில் வெண்காரம் கலந்த தூளை இடுவார். வெண்காரம் 743 °C அளவில் உருகி, ஒட்சைட்டைக் கரைத்துக் கண்ணாடி போன்ற திரவமாகிறது. சம்மட்டியால் அடிக்கும்போது அது வெளியே பிதுங்கிவிட, தூய உலோகப் பரப்புகள் நெருங்கி இணைகின்றன.

கவனிக்க: உலோகங்கள் இங்கு உருகுவதில்லை. இரும்பின் உருகுநிலை 1538 °C. ஒட்டல் நடைபெறுவது அதற்கு மிகக் கீழே, 1000 °C அளவிலாகும். "உருகி ஒட்டுகின்றன" என எழுதிவிடாதீர்கள்.

வெப்பநிலை குறைந்தால் படைகளுக்கிடையே இடைவெளி எஞ்சும். அது பின்னர் சாணையில் தீட்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதிகரித்தாலோ உருக்கின் மணிகள் பருத்துவிடும். காபன் அணுக்களும் உருக்கிலிருந்து இரும்புக்குள் பரவிச் செல்லும், மேற்பரப்பில் எரிந்தும் போகும். காபனை இழந்த விளிம்பை எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் வன்மை வராது. கொல்லர் இவ்வெப்பநிலையை நிறத்தைப் பார்த்தே கணிப்பார். பட்டறையை இருட்டாக வைத்திருப்பது இதற்காகவே.

அடித்து உருவாக்கிய அலகில் மெல்லிய களிமண் குழம்பைப் பூசி, உலரவைத்து, ஏறத்தாழ 780 °C வரை சூடாக்கி நீரில் தோய்ப்பர். வெறும் அலகாயின் அதனைச் சுற்றி நீராவிப் படலம் உண்டாகிக் குளிர்தலைத் தாமதப்படுத்தும். களிமண் அப்படலத்தை உடைக்கின்றது. விரைவாகக் குளிரும்போது காபன் அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பு அணுக்களிடையே சிறைப்படும். இவ்வமைப்பு மாட்டென்சைற்று எனப்படும். ஜிகனேயில் சிறைப்படப் போதிய காபன் இல்லை. எனவே அதே நெருப்பும் அதே நீரும் அதனை மென்மையாகவே விட்டுவிடுகின்றன.

மாட்டென்சைற்று உருவாகும்போது உருக்கின் கனவளவு சற்று கூடுவதால் அலகு வளையும். மென்மையான இரும்புப் பக்கம் இருப்பதனால்தான் அதனைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முடிகின்றது. முழுவதும் உருக்காயின் முறிந்துவிடக்கூடும். இறுதியாக 150 – 200 °C இல் மீண்டும் சூடாக்குவர். இதனால் வன்மை சிறிது குறையும், நொறுங்குமியல்பு அதைவிட அதிகமாகக் குறையும்.

பயிற்சி வினா: யனகிபாவின் முன்பக்கத்திலுள்ள ஜிகனேயைப் பல ஆண்டுகள் தீட்டித் தேய்த்த பின்னரும் வெட்டும் விளிம்பு வன்மையாகவே இருப்பதேன்?

விடைக்குக் குறிப்பு: அலகின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து இரு படைகளையும் குறித்துக்காட்டுக. சரிவு எவ்வளவு பின்னோக்கித் தேய்ந்தாலும் அது பின்பக்கத்தைச் சந்திக்கும் இடத்தில் எந்தப் படை உள்ளது எனப் பார்க்க.