பெருங்கற்களைப் பெயர்த்து வைக்கும் முறை

தோட்டப்புறங்களில் கோத்தோங் ரோயோங் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் செய்யும் பணிகளுள் கற்களை இடம் மாற்றுவதும் ஒன்றாகும். கோயில் வளாகத்தைச் சுற்றிப் பூந்தோட்டம் அமைக்கவும், பாலர்பள்ளியின் முற்றத்தை ஒழுங்குபடுத்தவும், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி கரை கட்டவும் பெருங்கற்கள் தேவைப்படுகின்றன. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல்லும், கிளேடாங் மலைத்தொடர்ப் பக்கத்தில் கருங்கல்லும் மிகுதி. ஆதலால் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனைக் கொண்டுவந்து வைப்பதில்தான் இடர் உள்ளது.

“ஆளுக்கு ஒரு கை கொடுத்தால் தூக்கிவிடலாம்” என்று சொல்லிக் குனிந்து தூக்குவதே நம்மிடையே பெருவழக்காக உள்ளது. பால்வெட்டுத் தொழிலாளியின் பிழைப்பு அவருடைய முதுகையும் கால்களையும் நம்பியிருக்கிறது. நாள்தோறும் பல நூறு மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து வெட்ட வேண்டியவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். கல்லைத் தூக்காமலே பெயர்த்து வைக்கும் முறைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டியது இதனாலேயே.

நம் முன்னோரின் உழைப்பு

இம்முறைகள் நமக்குப் புதியன அல்ல. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் இதே பேராக்கில், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த பணிப்படையினர் அதனை அமைத்தனர். பத்து காஜாவுக்கு அருகே 1915ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கெல்லி மாளிகையின் கட்டுமானத்தில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பாடுபட்டனர். இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில், பாறையே இல்லாத காவிரிச் சமவெளியில் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கற்களால் எழுந்தது. கற்களை உச்சிக்கு ஏற்ற நெடுந்தொலைவுக்குச் சாய்தளம் அமைத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. பளுத்தூக்கி இயந்திரம் இல்லாத அக்காலத்தில் அவர்களுக்குத் துணை நின்றவை கடப்பாரை, கட்டை, கயிறு, சாய்தளம் ஆகியவையே.

முதலில் எடையை அறிவோம்

கல்லின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கருங்கல்லாயினும் சுண்ணாம்புக்கல்லாயினும், நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உள்ள கல்லின் எடை ஏறத்தாழ 2,700 கிலோகிராம் ஆகும். எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள கல் ஏறத்தாழ 73 கிலோ இருக்கும். அளவு இருமடங்காகி 60 சென்டிமீட்டர் ஆனால், எடை இருமடங்கு ஆவதில்லை. எட்டு மடங்காகி 583 கிலோவை எட்டும். உருண்டைக் கல்லாயின் இதில் ஏறக்குறையப் பாதி என்று கொள்ளலாம். எனவே, பணியைத் தொடங்குமுன் அளவுநாடாவால் கல்லை அளந்து பார்ப்பது நன்று.

நெம்புகோலின் ஆற்றல்

பால் வாளிகளைக் காண்டா கம்பில் சுமந்தவர்களுக்கு நெம்புகோலின் தத்துவம் முன்பே தெரியும். ஒரு வாளியில் பால் கூடினால், தோளை அவ்வாளியின் பக்கம் சற்று நகர்த்திக்கொள்கிறோம். பளுவுக்கு அருகில் தாங்குமிடம் அமைந்தால், மறுபுறத்துச் சிறு எடையும் அதற்கு ஈடு கொடுக்கும்.

ஐந்தடி, அதாவது 150 சென்டிமீட்டர் நீளமுள்ள கடப்பாரையை எடுத்துக்கொள்வோம். அதன் நுனியைக் கல்லின் அடியில் செலுத்தி, நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் கெட்டியான ஒரு தாங்குகட்டையை வைக்க வேண்டும். இப்போது கைப்பக்கம் 140 சென்டிமீட்டர். கல்பக்கம் 10 சென்டிமீட்டர். நாம் அழுத்தும் விசை பதினான்கு மடங்காகிறது. 300 கிலோ எடையுள்ள கல்லின் ஒரு விளிம்பை மட்டும் உயர்த்த ஏறத்தாழ 150 கிலோ விசை போதும். அதனைப் பெற நாம் 11 கிலோ அளவிற்கே அழுத்த வேண்டும். ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. கைப்பிடியை 70 சென்டிமீட்டர் கீழே அழுத்தினால், கல் 5 சென்டிமீட்டரே உயரும்.

உயர்ந்த அளவிற்கு உடனே ஒரு கட்டையை அடியில் செருகிவிட வேண்டும். பிறகு தாங்குகட்டையையும் உயர்த்தி, மறுபடியும் நெம்ப வேண்டும். பக்கம் மாற்றி மாற்றி இவ்வாறு செய்தால், கல் படிப்படியாக மேலெழும். கட்டையைக் கையால் செருகாமல், நீண்ட குச்சியால் தள்ளுவதே முறை. எக்காரணத்தைக் கொண்டும் கல்லின் அடியில் விரல் செல்லலாகாது. கடப்பாரை வழுக்கினால் துள்ளி எழும். ஆதலால் அதற்கு நேர்மேலே முகத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வாலி வாலிங்டன் என்னும் ஓய்வுபெற்ற கட்டடத் தொழிலாளி, இத்தகைய எளிய கருவிகளைக் கொண்டே, 8 டன்னுக்கு மேற்பட்ட சிமெண்டுப் பாளமொன்றைத் தனியொருவராக நிமிர்த்திக் காட்டினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம்மவர் சொல்வதும் இதனையே.

உருளையும் கயிறும்

உயர்த்திய கல்லை மண்ணில் இழுத்தால், அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட விசை தேவைப்படலாம். தரையில் கெட்டியான பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் இரண்டு அங்குல இரும்புக் குழாய்களை உருளைகளாக இட்டு, கல்லைத் தாங்கும் பலகையை அவற்றின்மேல் வைத்தால், சமதரையில் எடையில் பத்தில் ஒரு பங்கு விசைகூடத் தேவைப்படாது. நான்கு குழாய்கள் போதும். பின்னால் வெளிப்படும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே செல்லலாம். குழாயை நடுவில் பிடிக்காமல் முனையில் பிடித்து வைத்தால் விரல் நசுங்காது.

மேட்டில் ஏற்றும்போது சரிவு மெதுவாக இருத்தல் வேண்டும். ஆறு அடி நீளத்திற்கு ஓரடி உயரும் சரிவில், 300 கிலோ கல்லை உருளைமேல் ஏற்ற, எடையின் பொருட்டு 50 கிலோ விசையும் உராய்வின் பொருட்டுச் சிறிது கூடுதல் விசையும் தேவைப்படும். இறக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. கயிற்றை உறுதியான மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல விட வேண்டும். சுற்றிய கயிறு கல்லின் இழுப்பைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். பால்வெட்டு நடக்கும் மரத்தில் கயிறு கட்டலாகாது, வெட்டுப்பட்டை நசுங்கும். வேறு மரத்தில் கட்டினாலும் சாக்கைச் சுற்றிக் கட்டுதல் நலம். கல்லுக்குக் கீழ்ப்புறம் ஒருவரும் நிற்கக் கூடாது. இழுத்துக் கட்டிய கயிற்றின் நேர்கோட்டிலும் நிற்கலாகாது. அறுந்தால் அது சாட்டைபோல் வீசும்.

சிறிய கற்களை இருவர் கம்பில் தொங்கவிட்டுச் சுமக்கலாம். இரண்டு மீட்டர் கம்பின் நடுவில் 60 கிலோ கல் தொங்கினால், ஆளுக்கு 30 கிலோ. அது ஒருவரிடமிருந்து அரை மீட்டர் தொலைவுக்கு நகர்ந்துவிட்டால், அவருக்கு 45 கிலோவும் மற்றவருக்கு 15 கிலோவும் ஆகும். எனவே கல் நகராதபடி கயிற்றைக் கம்போடு முடிந்துகொள்ள வேண்டும். தோளில் ஏற்றும்போது முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து எழுதல் வேண்டும்.

தொடக்கூடாத கற்கள்

சுண்ணாம்புமலை அடிவாரத்தில் கிடக்கும் கற்கள் கேட்பாரற்றவை என்று எண்ணி எடுக்கச் செல்வது தவறு. 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஈப்போ குனோங் சீரோவில் மலைப்பாறை பெயர்ந்து குடியிருப்பின்மேல் விழுந்ததில், ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. செங்குத்தான மலைமுகத்தின் கீழ் கடப்பாரை இடுவது உயிரோடு விளையாடுவதாகும். சரிவான நிலத்தில் மண்ணைத் தாங்கி நிற்கும் கல்லையும் பெயர்க்கலாகாது. மழை பெய்து மண் குழைந்திருக்கும் நாளில் இப்பணியைத் தள்ளிவைத்தல் வேண்டும்.

கல்லைப் புரட்டுமுன் கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம். அடியில் தேளும் பூரானும் பாம்பும் தங்கியிருக்கக் கூடும். சிலிப்பர் அணிந்து வராமல், மூடிய காலணியும் கையுறையும் அணிவோம். பணியின்போது ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். “நிறுத்து” என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சிறுவரைத் தொலைவில் நிறுத்துவோம்.

தோட்ட வேலையின்போது காயமுற்றால், தாமதமின்றி நிர்வாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஞாயிறன்று நாமே கூடிச் செய்யும் பணியில் ஏற்படும் காயமும் வேலைக்காயமாகவே ஏற்கப்படும் என்று எண்ணிவிடலாகாது. அன்று நம் பாதுகாப்பு பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது.

ஒரு கல்லை வைக்க ஒரு முழுக் காலைப்பொழுது சென்றாலும் குற்றமில்லை. திங்கட்கிழமை விடியலில் எல்லோரும் உடல் நோவின்றிப் பால்வெட்டுக்குச் செல்வதே நம் கூட்டுப்பணியின் வெற்றியாகும்.