பிரிட்டனில் படிக்க ஆங்கிலத் தகுதி: படிப்படியாக

பிரிட்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிய பிறகுதான் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பணமும் அலைச்சலும் மிச்சம்.

1. படிப்புக்கான விதியைப் பாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு ஒரு பொது விதி இருந்தாலும், நீங்கள் சேரும் படிப்புக்கு உரிய விதிதான் செல்லும். 'மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையக் கூடாது' என்பது பரவலான நிபந்தனை. ஆக்ஸ்ஃபோர்டில் உயர்நிலை கேட்கும் படிப்புகளுக்கு மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7.0 வேண்டும்.

பலர் வழுக்குவது பிரிவு மதிப்பெண்ணில்தான். கேட்டல் 7, வாசித்தல் 7, பேசுதல் 6.5, எழுதுதல் 5.5 என்றால் சராசரி 6.5 வந்துவிடும். ஆனால் எழுதுதல் 6.0-ஐ எட்டாததால் தகுதி கிடைக்காது.

2. தேர்வு அவசியமா என்று கேளுங்கள்

சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கின்றன. சிபிஎஸ்இ-க்கு ஓர் அளவு, மாநிலப் பாடத்திட்டத்துக்கு வேறோர் அளவு இருக்கலாம். மதிப்பெண் பட்டியலுடன் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

3. சரியான தேர்வைப் பதிவு செய்யுங்கள்

ஐஇஎல்டிஎஸ் அகடமிக், ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ இரண்டிலும் கேள்வி முறை ஒன்றே. பின்னது பிரிட்டன் விசா துறை (யுகேவிஐ) அங்கீகரித்த மையங்களில் நடக்கும், கட்டணமும் கூடுதல். பட்டப்படிப்புக்கு நேரடியாகச் சேர்பவர்களுக்குப் பல இடங்களில் முதல் வகையே போதும். எது வேண்டும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். மதிப்பெண் 2 ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் படிப்பு தொடங்கும் மாதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

4. பலவீனமான பிரிவுக்கு நேரம் ஒதுக்குங்கள்

முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதி, எந்தப் பிரிவு பலவீனம் என்று பாருங்கள். எழுதுதல்தான் என்றால், அந்தப் பிரிவுக்கு 60 நிமிடம், இரண்டு கேள்விகள்: முதலாவதற்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கே மதிப்பெண் இரு மடங்கு. அதற்கு 40 நிமிடம் வையுங்கள். எழுதியதைத் திருத்தித்தர ஒருவர் இல்லாமல் இந்தப் பிரிவில் முன்னேறுவது கடினம்.

5. கொஞ்சம் குறைந்தால்

அரை மதிப்பெண் குறைந்தாலும் வழி உண்டு. படிப்புக்கு முன்பு, பெரும்பாலும் கோடையில், ப்ரீ-செஷனல் ஆங்கில வகுப்புகள் நடக்கும். தேறினால் மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் தனி. சேர்வதற்கு யுகேவிஐ வகைத் தேர்வைக் கேட்கவும் கூடும்.

6. சேர்ந்த பிறகு உதவியை விடாதீர்கள்

ஐஇஎல்டிஎஸ்-இல் 250 சொல் எழுதியவர் அங்கே 3000 சொல் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். மேற்கோளைக் காட்டும் முறை, பிறர் கருத்தைச் சொந்த நடையில் சொல்வது, வாதத்தை அடுக்குவது ஆகியவற்றை படிப்பு நடக்கும்போதே பல்கலைக்கழகம் நடத்தும் இன்-செஷனல் வகுப்புகளில் பெரும்பாலும் இலவசமாகவே கற்றுத்தருகிறார்கள். தனி ஆலோசனையும் உண்டு. உங்கள் கட்டுரையை ஆலோசகர்கள் திருத்தித் தர மாட்டார்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்று காட்டுவார்கள். கட்டுரை சமர்ப்பிக்கும் வாரத்தில் இடம் கிடைப்பது கடினம். முதல் கட்டுரைத் தலைப்பு கையில் வந்த அன்றே நேரம் பதிவு செய்துவிடுங்கள்.