பாடம் 9: பழைய விளையாட்டும் புதிய திரையும்

பெற்றோர் தம் இளமையில் விளையாடிய கணினி விளையாட்டு ஒன்றைப் புதிய மடிக்கணினியில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கருவி புதிது, ஆகவே படமும் முன்பைவிடத் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். நடப்பதோ வேறு. படம் மங்கித் தெரியும். ஆட்கள் குட்டையாகவும் பருமனாகவும் தோன்றுவர். “இவன் இப்படி இருக்கமாட்டானே!” என்று அப்பா வியப்பார். அவருடைய நினைவில் பிழையில்லை. பிழை எங்கே நேர்ந்தது என்று காண்போம்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டன் மெக்னர் இதனை உருவாக்கினார். 1989ஆம் ஆண்டு ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்த இவ்விளையாட்டு, அடுத்த ஆண்டு டாஸ் இயங்குதளத்திற்கும் வந்தது. சிறையில் அடைபட்ட ஒருவன் அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும். கதை எளியது. ஆனால் அவன் ஓடுவதும், தாவுவதும், விளிம்பைப் பற்றித் தொங்குவதும் உயிருள்ள மனிதனின் அசைவுகளாகவே இருக்கும். மெக்னர் தம் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் செய்து ஒளிப்பதிவு செய்தார். அப்பதிவை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்து, அதைப் பின்பற்றியே நாயகனின் அசைவுகளை அமைத்தார்.

அந்த உருவத்தின் உயரம் ஏறத்தாழ நாற்பது படப்புள்ளிகளே. கண்ணும் மூக்கும் வரைய அங்கே இடமில்லை. ஆயினும் அது ஓர் ஆள் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று ஒருவர் அமர்ந்து முடிவுசெய்த வேலை அது. அதனைப் பெரிய திரைக்குக் கொண்டுவரும்போது சிதையாமல் காப்பதே நம் முன்னுள்ள பணி.

டாஸ் பதிப்பின் திரை, அகலத்தில் 320 புள்ளிகளும் உயரத்தில் 200 வரிசைகளும் கொண்டது. மொத்தம் 64,000 புள்ளிகள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளி இருந்த இடத்தை இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் நிரப்ப வேண்டும். எவ்வாறு நிரப்புவது என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு வடிவத்தைப் பற்றியது. பழைய படக்குழாய்த் திரைகளின் அகலமும் உயரமும் 4:3 என்னும் விகிதத்தில் இருந்தன. 320 × 200 படம் அத்திரையை முழுவதும் நிறைத்தபோது, ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக அன்றி, அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரத்துடன் ஒளிர்ந்தது. ஓவியர்கள் அதை அறிந்தே வரைந்தனர். இன்றைய திரையின் புள்ளிகள் சதுரமானவை. ஆகவே ஒன்றும் திருத்தாமல் பெருக்கினால் ஆட்கள் குட்டையாகின்றனர். அகன்ற திரை முழுவதும் இழுத்துவிட்டால் மேலும் பருமனாகின்றனர். அப்பா கண்டது இதைத்தான். பழைய டாஸ் விளையாட்டுகளை இயக்க உதவும் ‘டாஸ்பாக்ஸ்’ மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்றொரு வரி உண்டு. அதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று இட்டால், படம் 4:3 வடிவத்திற்குத் திரும்பிவிடும். திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தோன்றும். அவற்றைக் குறையாக எண்ண வேண்டா.

இரண்டாவது தவறு மங்கல். கறுப்புப் புள்ளிக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் இடையில் உள்ள இடத்தைக் கணினி சாம்பல் நிறத்தால் நிரப்புகிறது. இரண்டு நிறங்களுக்கும் சராசரி கண்டு நடுவில் வைக்கிறது. ஒளிப்படங்களுக்கு இம்முறை பொருந்தும். நாற்பது புள்ளி உயரமுள்ள உருவத்திற்கோ இது ஈரத்துணியால் துடைத்ததுபோல் ஆகிவிடும். அதற்கு மாற்று, ஒரு புள்ளியை அதே நிறத்தில் அப்படியே பல புள்ளிகளாக்குவது. 2019ஆம் ஆண்டு முதல் என்விடியா, இன்டெல் ஆகிய நிறுவனங்களின் வரைகலைச் செயலிகள் சிலவற்றில், முழு எண் மடங்காக மட்டுமே படத்தைப் பெருக்கும் வசதி உண்டு.

ஆனால் இவ்விரண்டு திருத்தங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன! புள்ளியை அகலத்தில் 5 மடங்கும் உயரத்தில் 6 மடங்கும் பெருக்கினால் 1600 × 1200 கிடைக்கும். வடிவமும் சரி, கூர்மையும் சரி. ஆனால் நம் திரையில் 1080 வரிசைகளே உள்ளன. 200 வரிசைகளை 1080இல் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 5.4 வரிசைகள் வேண்டும். அரை வரிசை என்று ஒன்று இல்லை. ஆகவே 120 வரிசைகள் ஐந்தாகவும், 80 வரிசைகள் ஆறாகவும் பெருகும். நாயகன் சுவர் ஏறும்போது அவனுடைய உடலின் கோடுகள் தடித்தும் மெலிந்தும் துடிக்கும். படத்தை முதலில் முழு எண் மடங்கில் மிகப் பெரிதாக்கி, பின்னர் தேவையான அளவிற்கு மெல்லச் சுருக்குவது இதற்கு நல்ல வழி. விளிம்பில் ஓர் இழை மட்டும் மங்கும், உருவம் கெடாது. 3840 × 2160 திரை வைத்திருப்போர்க்கு இத்தொல்லை குறைவு. அங்கே சில வரிசைகள் பத்தாகவும் சில பதினொன்றாகவும் பெருகும். அந்த வேறுபாட்டைக் கண் உணர்வதில்லை. புதிய வன்பொருள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

படிக்கட்டுபோல் உள்ள விளிம்புகளை வளைகோடுகளாக மாற்றும் வடிகட்டிகளும் உள்ளன. எழுத்துகளுக்கு அவை ஓரளவு பொருந்தலாம். முகத்தில் வைத்தால் மெழுகு உருகியதுபோல் ஆகிவிடுகிறது. இல்லாத விவரத்தை ஊகித்து வரைவதால் நேரும் கேடு அது. நான் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன்.

இதுவரை கண்டது, புள்ளிகளாகவே சேமிக்கப்பட்ட படங்களின் நிலை. எல்லா விளையாட்டுகளும் அப்படிப்பட்டவை அல்ல. அடுக்குமாடி வீடுகளின் வாசலில் ஒட்டப்படும் ஸ்டிக்கர் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். ஆனால் ‘நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து’ என்று பாட்டி சொல்லும் கோலத்தை முழம் அளவிலும் போடலாம். முற்றம் நிறையவும் போடலாம். இரண்டிலும் கோடு ஒரே கூர்மையுடன் இருக்கும். அவர் மனத்தில் இருப்பது படம் அன்று, வரையும் முறை.

1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூம் ரைடர்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் குகைகளும் மனிதர்களும் முக்கோணம், நாற்கோணம் ஆகியவற்றின் முனைகளாக, எண்களாகவே சேமிக்கப்பட்டுள்ளன. கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை அவற்றைப் புதிதாக வரைகிறது. ஆகவே திரையின் புள்ளிகள் பெருகும்போது விளிம்புகள் உண்மையாகவே கூர்மையடைகின்றன. இங்கும் ஒரு தடை உண்டு. சுவரின்மேல் போர்த்தப்பட்ட கல் வடிவம் மட்டும் பழைய, சிறிய படமே. கிட்டே சென்றால் அது பெரிய கட்டங்களாகத் தெரியும். விளிம்பு கூரானதால் நாயகியின் தோளும் முழங்கையும் செதுக்கிய மரத்துண்டுகள்போல் முன்பைவிடக் கோணலாகத் தோன்றுவதும் உண்டு. 2024இல் வந்த புதுப்பிப்பில், அப்படங்களை மீண்டும் வரைந்து சேர்த்துள்ளனர். அதே வேளையில், ஒரு விசையை அழுத்தினால் பழைய தோற்றத்திற்கு உடனே மாறும் வசதியையும் வைத்துள்ளனர். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதே ஒரு பாடம்.

மெக்னரின் விளையாட்டுக்குத் திரும்புவோம். அதன் ஆப்பிள் II மூலநிரல் தொலைந்துவிட்டதாகவே அவர் எண்ணியிருந்தார். 2012ஆம் ஆண்டு, அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து பழைய நெகிழ்வட்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றைப் படிக்கவல்ல பழைய கருவிகளைக் கொண்டு வல்லுநர்கள் நிரலை மீட்டனர். மெக்னர் அதனை எல்லோரும் காணும்படி வெளியிட்டார். டாஸ் பதிப்பை ஆர்வலர்கள் பிரித்து ஆராய்ந்து, இன்றைய கணினிகளில் நேரடியாக இயங்குமாறு மீண்டும் எழுதியுள்ளனர். டேவிட் ஓடிய ஓட்டம் அதில் இன்றும் ஒரு புள்ளி மாறாமல் உள்ளது.

சொற்பொருள்
படப்புள்ளி – திரையில் ஒளிரும் மிகச் சிறிய கூறு
வன்பொருள் – கணினியின் தொட்டுணரக்கூடிய பாகங்கள்
மூலநிரல் – நிரலர் எழுதிய வடிவிலேயே உள்ள கட்டளைத் தொகுதி
நெகிழ்வட்டு – முற்காலத்தில் தரவுகளைச் சேமித்த காந்தத் தட்டு

பயிற்சி
1. பிரித்து எழுதுக: படப்புள்ளி, மூலநிரல்.
2. 640 × 480 புள்ளிகள் கொண்ட படத்தை 1920 × 1080 திரையில் முழு எண் மடங்காகப் பெருக்கினால், மிகுதியாக எத்தனை மடங்கு பெருக்கலாம்? மேலும் கீழும் எத்தனை வரிசைகள் கறுப்பாக இருக்கும்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இளமையில் விளையாடிய கணினி விளையாட்டைப் பற்றிக் கேட்டறிந்து, அது புள்ளிகளாகச் சேமிக்கப்பட்டதா, வரையும் முறையாகச் சேமிக்கப்பட்டதா என்பதைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.