விமானத்திற்குள் வித்தியாசமான வாடை வந்தால்

புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்திலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ கல்யாணம், கோயில், சொந்தபந்தம் என்று போய்வரும் பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வழியில் விமானத்திற்குள் கருகல் வாடையோ எண்ணெய் வாடையோ வந்தால் பணியாளர்கள் என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

வாடை என்றால் கண்ணுக்குத் தெரியும் புகையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 'ஆவி' என்று எழுதலாம். ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்பதால் 'வாடை' என்றே எழுதுகிறோம். ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் நெடி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். அதுபோலத்தான் இதுவும்.

பெரும்பாலான விமானங்களில் உள்ளே வரும் காற்று இயந்திரத்தின் வழியாக எடுக்கப்படுகிறது. இயந்திரத்தில் எண்ணெய் கசிந்தால் அழுக்குக் காலுறை போன்ற வாடை வரலாம். உணவு சூடாக்கும் அடுப்பு, மின்கம்பி, பயணிகளின் பவர் பேங்க் ஆகியவையும் காரணமாகலாம். விமானத்தில் உள்ள வடிகட்டிகள் தூசியையும் கிருமிகளையும் பிடிக்கும், வாயுக்களைப் பிடிக்கா.

வாடை தெரிந்ததும் பணியாளர் முதலில் விமானிக்குத் தெரிவிப்பார்: எந்த இடத்தில், எப்படிப்பட்ட வாடை, புகை தெரிகிறதா? தேவைப்பட்டால் விமானிகள் உடனே தங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொள்வார்கள். அதில் முழு ஆக்சிஜன் வருவதால் அவர்கள் தெளிவாக இருந்து விமானத்தை ஓட்டலாம். மாஸ்க்கோடு பேசும்போது ஒலிபெருக்கியில் குரல் கரகரவென்றும் மூச்சு இரைப்பது போலவும் கேட்கும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மற்றவர்கள் அடுப்புகளின் மின்சாரத்தை நிறுத்துவார்கள், கழிவறைகளைத் திறந்து பார்ப்பார்கள், பயணிகளை வேறு இருக்கைக்கு மாற்றுவார்கள். தீ என்றால் தலையை மூடும் சுவாசக் கவசம் அணிந்து அணைப்பார்கள்.

இங்கே பலர் கேட்கும் கேள்வி: "மேலேயிருந்து மஞ்சள் மாஸ்க் ஏன் விழவில்லை?" அது விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் உதவுவதற்காக வைத்தது. அதில் ஆக்சிஜனோடு சுற்றியுள்ள காற்றும் கலந்தே வரும், ஆகவே புகையிலிருந்து அது காக்காது. தீ எரியும் இடத்தில் கூடுதல் ஆக்சிஜன் விடுவதும் ஆபத்து. அதற்குப் பதிலாக ஈரத்துணி கொடுப்பார்கள். அதை மூக்கிலும் வாயிலும் வைத்து, தலையைத் தாழ்த்திக் கொள்ளுங்கள். புகை மேலே ஏறும், கீழே காற்று சற்றுச் சுத்தமாக இருக்கும்.

1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 விமானத்தில் பின்பக்கக் கழிவறையில் தீப்பிடித்தபோது பணியாளர்கள் பயணிகளை முன்னால் நகர்த்தி ஈரத்துணி கொடுத்தார்கள். விமானம் தரையிறங்கியது, ஆனால் உள்ளே இருந்த 46 பேரில் 23 பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். கழிவறையில் புகை உணர்கருவியும், வழிகாட்டத் தரையோரம் விளக்கும் வைக்கும் விதி அதன்பிறகு வந்ததே. எனவே வாடை வந்தால் விமானி காத்திருப்பதில்லை. 2022 ஜூலையில் கோழிக்கோட்டிலிருந்து துபாய்க்குப் போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், முன்பக்கம் உணவு தயாரிக்கும் இடத்தில் கருகல் வாடை வந்தது. விமானத்தை மஸ்கட்டில் இறக்கினார்கள். பயணம் தாமதமாகும், சலிப்பாகவும் இருக்கும். ஆனால் செய்ய வேண்டியது அதுதான்.

பவர் பேங்க் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்தது. மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்க்கை மேல்பெட்டியில் வைக்கவும், பயணத்தில் பயன்படுத்தவும் அனுமதிப்பதில்லை. பேரப்பிள்ளை பையில் போட்டுக் கொடுத்தது எங்கே இருக்கிறது என்று ஏறும்முன் பாருங்கள்; கண்ணுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள். இருக்கை நசுக்கினால் மின்கலன் தீப்பிடிக்கலாம். சூடாகிப் புகையும் பொருளைக் கையால் தொடாதீர்கள்.

வாடையை முதலில் உணர்வது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிதான். "நமக்கெதற்கு, தொந்தரவு கொடுப்பானேன்" என்று இருந்துவிடாதீர்கள். தலைக்கு மேலிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். மொழி வராவிட்டால் மூக்கைத் தொட்டு, வாடை வரும் இடத்தைக் காட்டினாலே போதும்.

ஆஸ்துமா, நுரையீரல் நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சாதாரண நாளிலேயே விமானத்திற்குள் காற்று, 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல மெலிந்திருக்கும்; ஏறத்தாழ ஊட்டியில் நிற்பதுபோல. அதனோடு வாடையும் சேர்ந்தால் மூச்சுத்திணறல் சீக்கிரம் வரலாம். இன்ஹேலரையும் மாத்திரையையும் சரக்கில் போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்து, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், குமட்டல் வந்தால் அடக்கிக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

அவசரமாக வெளியேறச் சொன்னால் கைப்பையையும் விட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து மட்டும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ இருந்தால் நல்லது.

தரையிறங்கியபின் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் விமான நிலையத்திலேயே உதவி கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வந்தால் 999 அழையுங்கள். இருமலோ தலைவலியோ மட்டும் தொடர்ந்தால் உங்கள் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போய், விமான எண், பயணத் தேதி, வாடை எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பயணச்சீட்டின் துண்டை எறியாமல் வைத்திருந்தால் முதல் இரண்டும் அதிலேயே இருக்கும்.