இறக்கத்தில் உதவும் ஊன்றுகோல்

கோடை விடுமுறையில் இமயமலைப் பக்கம் செல்ல விரும்பும் மாணவ நண்பர்களுள் பலர், ஊன்றுகோல் முதியோர்க்கே உரியது என்று கருதுகின்றனர். இது பொருந்தாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் முழங்கால் நோவது இறக்கத்திலேதான். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அமைந்த இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். உயர வேறுபாடு சுமார் 1,600 மீட்டர். திரும்பி வருகையில் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையையும் முதுகுச் சுமையையும் தாங்கி நிறுத்துவது முழங்காலே.

அச்சுமையில் ஒரு பங்கைக் கைகளுக்கும் தோள்களுக்கும் மாற்றித் தருவதே கோலின் பணி. இரு கோல்களுடன் இறங்கினால் முழங்கால் மூட்டின்மீது விழும் விசை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைவதாக 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. எனினும் உடலின் மொத்த உழைப்பு குறைவதில்லை; கைகளும் உழைப்பதால் சற்றுக் கூடுதலும் உண்டு.

இப்பயனைப் பெற நான்கு செய்திகளை அறிதல் வேண்டும்.

1. அளவு: சமதரையில் கோலை ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடிந்திருத்தல் வேண்டும். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைக்க; இறக்கத்தில் அதே அளவு கூட்டுக.

2. பிடி: கைவாரினுள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் பிடியையும் சேர்த்துப் பற்றுக. எடையை வார் தாங்கும். விரல்களை இறுக்க வேண்டுவதில்லை.

3. நடை: வலக்காலுடன் இடக்கோல், இடக்காலுடன் வலக்கோல். செங்குத்தான இறக்கத்தில் கோல்களை முன்னே ஊன்றி, அவை நிலைத்தபின் காலை வைக்க. முழங்கால் சற்று மடிந்தே இருக்கட்டும்.

4. எச்சரிக்கை: ஓடையைக் கடக்கும்போதும் கற்குவியலில் நடக்கும்போதும் கையை வாரிலிருந்து விடுவித்துக்கொள்க. கோல் கல்லிடுக்கில் சிக்கிய நிலையில் விழுந்தால் மணிக்கட்டு முறியக்கூடும்.

விலையுயர்ந்த கோல் இல்லையே என்று தயங்க வேண்டா. கோவையை அடுத்த வெள்ளியங்கிரி மலையில் ஏறுவோர்க்கு மூங்கில் தடியே துணை. கௌரிகுண்டிலும் தடி விலைக்குக் கிடைக்கும். தடியின் நீளத்தை மாற்ற இயலாது. ஆதலால் மார்பளவு உயரமுள்ளதாகத் தேர்ந்து, ஏறும்போது சற்றுத் தாழ்வாகவும் இறங்கும்போது உச்சியிலும் பற்றினால் போதும்.

மலையுச்சியைக் காண்பது பாதிப் பயணமே. நல்ல காலோடு விடுதி திரும்பினால்தான் அது முழுமை பெறும்.