கோதுமை ஒவ்வாத இல்லாளும் நம் அடுக்களையும்

சரக்கின் தரம் அறிவதில் நம் வர்த்தகப் பெருமக்கள் கைதேர்ந்தவர்கள். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த மாத்திரத்தில் அது பழையதா, புதியதா எனச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே சரக்கு வீட்டு அடுக்களைக்குச் சென்ற பிறகு யார் வயிற்றில் என்ன செய்கிறது என்பதை நாம் அவ்வளவு கருத்தாய்க் கவனிப்பதில்லை. அதிலும், சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியாக உண்ண உட்காரும் இல்லாளின் வயிற்றைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. ஆகவே இவ்விதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்த சங்கதி

ஜார்ஜ் டவுனில் மளிகை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர். அவர் மனைவிக்குச் சில ஆண்டுகளாகவே தேக பலம் குறைந்து வந்தது. வயிறு உப்புவதும் அடிக்கடி போவதுமாக இருந்தது. இரத்தக் குறைவுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், இரத்தம் ஊறவில்லை. "வேலை அதிகம், அதனால்தான் களைப்பு" என்றார்கள் உறவினர்கள். "உடம்புச் சூடு, பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள், பலத்துக்கு மால்ட் பானமும் கலக்கிக் கொடுங்கள்" என்று நாமும் நம் பங்குக்கு யோசனை சொன்னோம். அந்த யோசனை நோயை வளர்க்கும் யோசனை என்பது பின்னரே நமக்குத் தெரிய வந்தது. இதை எழுதத் தூண்டிய காரணங்களுள் அந்த வெட்கமும் ஒன்று.

இறுதியில் வைத்தியர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, பின் குழாய் வழியே சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, இது சீலியாக் என்னும் நோய் என்றார். மருந்து யாதெனின், ஆயுள் முழுவதும் கோதுமையை விலக்குவதே என்றும் கூறினார்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் உண்டு. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுவதும், ரொட்டி சானாயை வீசினால் கிழியாமல் விரிவதும் இதனால்தான். சிலருடைய உடலில் இப்புரதம் சென்றதும், நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி தன் குடலையே எதிர்க்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் பூந்துவாலையின் நூல் போல நிற்கும் நுண்ணிய குடல்விரல்கள் தேய்ந்து மட்டமாகின்றன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவைதாம். அவை தேய்ந்தபின் எத்தனை நல்ல ஆகாரம் உண்டாலும் உடலில் சேராது. இரத்தக் குறைவு, எலும்பு பலவீனம், எடை குறைதல், சிலருக்குக் கருத்தரியாமையும் கருச்சிதைவும் இதனால் நேர்கின்றன.

ஒன்றை மறத்தலாகாது. சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் சென்றால் நோய் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். முதலில் பரிசோதனை, பிறகே பத்தியம்.

கண்டறிந்த வரலாறு

1888இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயின் அடையாளங்களைத் தெளிவாக எழுதி, குணமாவதானால் அது ஆகாரத்தின் மூலமே என்றும் கருதினார். எந்த ஆகாரம் குற்றவாளி என்பதை அவர் அறியவில்லை. அதைக் கண்டவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ஊரெல்லாம் பசியால் வாடுகையில் இந்நோய் கொண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பவும் கிடைத்ததும் நோயும் திரும்பியது. முன்பிருந்தே கோதுமையின் மேல் ஐயம் கொண்டிருந்த டிக்கே, தம் முடிவுகளை 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார்.

நம்மவருக்கும் வருமா?

"இது வெள்ளைக்காரர் வியாதி அல்லவா?" என்று கேட்போர் உண்டு. இந்தியாவில் வட பகுதி, வடகிழக்குப் பகுதி, தெற்கே வேலூர் ஆகிய இடங்களில் 23,331 பேரைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. நூற்றுக்கு வடக்கே 1.23 பேர் இரத்தத்திலும், தெற்கே 0.10 பேர் இரத்தத்திலும் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடந்தரும் பரம்பரைக் கூறு இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராம் மட்டுமே உண்டனர். நாமோ காலையில் ரொட்டி சானாய், மாலையில் மீ கோரேங், இரவில் முர்தபா என்றிருக்கிறோம். மலேசியாவில் 562 இளவயதினரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 1.25 பேர் இரத்தத்தில் இந்நோயின் அடையாளம் தென்பட்டது. ஆதலின் நமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளையும் சோதிப்பது நன்று.

எவை ஆகும், எவை ஆகா

நம் பூர்வீகச் சமையலில் பெரும்பகுதி அரிசிச் சமையலே. இடியப்பம், ஆப்பம், புட்டு, கொழுக்கட்டை, அரிசி ரொட்டி யாவும் ஆகும். கலப்பில்லாத அரிசி மீஹூனும் குவே தியாவும் ஆகும். புளூட் அரிசி ஒட்டுவதைக் கண்டு அதிலும் குளூட்டன் உண்டோ என அஞ்ச வேண்டாம். அது வெறும் மாச்சத்தின் பசையே. பருப்பு, மீன், இறைச்சி, முட்டை, தேங்காய்ப்பால், காய்கனி எதற்கும் தடையில்லை. வட்டலப்பம் தாராளமாக ஆகும்.

மைதா, ரவை, சேமியா, மஞ்சள் மீ, பிஸ்கோத்து, சமோசா, ரவைக் கேசரி ஆகியவை ஆகா என்பது எளிதில் விளங்கும். விளங்காமல் ஒளிந்திருப்பவையே அதிகம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பதுண்டு. பெரும்பாலான கிச்சாப் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. பசெம்போர் வடையில் மாவு உண்டு. பார்லித் தண்ணீரிலும் மால்ட் பானத்திலும் பார்லி உண்டு. அரைத்து விற்கும் மசாலாத் தூளில் எடைக்காக மாவு கலந்திருக்கலாம். மசாலாவை வீட்டிலேயே வறுத்துத் திரிப்பது உத்தமம். சேமியாப் பாயசத்துக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசம், குழம்பு கெட்டிப்பட மைதாவுக்குப் பதில் அரிசி மாவு என மாற்றிக்கொள்ளலாம்.

பொருக்கும் தூசும்

பத்தியம் தொடங்கி மூன்று மாதமாகியும் அன்பரின் மனைவிக்குப் பூரண குணமில்லை. விசாரித்ததில் இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. முதலாவது, பிள்ளைகளுக்குப் பரோட்டா சுட்ட அதே கல்லில் அவர் தோசை வார்த்திருக்கிறார். கடையிலிருந்து அரிசி மாவும் கோதுமை மா அள்ளிய கரண்டியாலேயே அள்ளி வந்திருக்கிறது. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் கெடுகிறது என 2007இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அது ரொட்டியின் ஒரு சிறு பொருக்கில் அடங்கும் அளவு.

இரண்டாவது காரணம்தான் நம் மனத்தைத் தைத்தது. "உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமையல், எனக்கு ஒரு சமையலா? வீண் செலவுங்க. மீந்து போன ரொட்டியைக் குப்பையில் போட மனமில்லாமல் நான்தான் தின்றேன்" என்று அம்மாது கணவரிடம் சொல்லியிருக்கிறார். தனிச் சட்டி வைத்துத் தனியே உண்பதைவிட நோயே மேல் என்று அவர் எண்ணியிருந்திருக்கிறார்.

அன்று அன்பர் ஒரு முடிவு செய்தார். வீட்டில் இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் அரிசியே; ஒரே சட்டி, ஒரே சஹன். பரோட்டா வேண்டியவர் வெளியில் உண்டு, கை கழுவி வீட்டுக்கு வரவேண்டும். புதிய தோசைக்கல், அகப்பை, சல்லடை, மாவுடப்பா வாங்கினார். ஹலால் விஷயத்தில் காட்டும் பேணுதலை இதிலும் காட்டினார். ஓராண்டில் அம்மாதுக்கு இரத்தம் ஊறி முகம் தெளிந்தது. பிறருடைய குடல் ஆற இதைவிட நாள் பிடிப்பதும் உண்டு; பொறுமை வேண்டும்.

விருந்தும் நோன்பும்

விருந்துக்கு அழைத்தால் மூடி மறைக்காமல் முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். நெய்ச்சோறும் கறியும் பெரும்பாலும் ஆகும். ஆனால் குழம்பில் மாவு கரைத்தார்களா, கிச்சாப் ஊற்றினார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் இட்ட நோன்புக் கஞ்சி நல்லாகாரமே. கோதுமை ரவை சேர்த்திருந்தால் தவிர்க்க வேண்டும். சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த வடையும் ஆகாது. "கொஞ்சம் தின்றால் என்ன?" என்று வற்புறுத்துவது உபசாரமாகாது, விருந்தாளியைத் துன்புறுத்துவதாகும்.

கடைக்காரர் கடமை

நிற்க, வர்த்தகர் என்ற முறையில் நமக்கொரு தனிப் பொறுப்பு உண்டு. மலேசிய உணவு விதிகளின்படி பொட்டலத்தில் அடைத்த உணவில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இருந்தால் அதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். மலாய்ச் சீட்டில் 'கண்டும்' என்றிருந்தால் அது கோதுமை. ஹலால் முத்திரை குளூட்டன் இல்லை என்பதற்குச் சான்றாகாது, இரண்டும் வெவ்வேறு. குளூட்டன் அற்றது என எழுத, சர்வதேச உணவுத்தர நெறியான கோடெக்ஸ் விதித்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமை. மூட்டை பிரித்து நிறுத்து விற்பவர்கள் அரிசி மாவுக்கும் கோதுமை மாவுக்கும் தனித்தனிக் கரண்டி வைப்பதில் செலவொன்றும் இல்லை. "இதில் மாவு கலந்திருக்கிறதா?" என்று ஒரு பெண்மணி கேட்டால் சலித்துக்கொள்ளாமல், தெரிந்தால் தெரிந்ததென்றும் தெரியாவிடில் தெரியாதென்றும் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் ஒருவருடைய ஆரோக்கியம் அடங்கியிருக்கிறது.

அன்பர்களே, இன்றிரவு கடையை அடைத்து வீடு சென்றதும், உங்கள் இல்லாள் என்ன உண்கிறார், எப்போது உண்கிறார், உண்டபின் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை விசாரியுங்கள். நீண்ட நாள் களைப்பும் இரத்தக் குறைவும் வயிற்றுக் கோளாறும் சேர்ந்திருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம்மைப் போல் பார்லித் தண்ணீர் சிபாரிசு செய்யாதீர்கள்.