வாகை சூடியும் கலைந்த கழகம்

கேள்வி: ஹாலந்து தேசத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்ற பெண்கள் கால்பந்துக் கழகமொன்று கலைக்கப்பட்டதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 2007ஆம் ஆண்டில் ஆறே கழகங்களுடன் பெண்களுக்கென்று ஆரம்பிக்கப்பட்ட 'எரடிவிசி' போட்டித்தொடரில், அல்க்மார் நகரத்து ஏ.இசட். கழகத்தின் வீராங்கனைகள் 2008, 2009, 2010 ஆகிய மூன்று வருஷங்களிலும் சாம்பியன் பட்டத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடாமல் தம் வசமே வைத்திருந்தனர். ஆயினும், 2011இல் செலவைச் சுருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் நேர்ந்தபோது, ஆடவர் அணியின் ஸ்தானம் அசையாதிருக்க, பட்டங்களைக் குவித்துத் தந்த பெண்கள் பிரிவே முதலில் பலியாயிற்று. தாய்க்கழகத்தின் பணப்பையை நம்பியே ஜீவித்த அணிக்கு, மைதானத்தில் பெற்ற ஜயம் அரணாக அமையவில்லை. இதனைப் பெரும் அநீதியென்றே நான் கருதுகிறேன். பக்கத்து டெல்ஸ்டார் கழகம் அவ்வணியை ஏற்று நடத்திற்று.

பெண்கள் கால்பந்தை அந்நாட்டுச் சங்கம் 1971இல்தான் அங்கீகரித்தது என்பதையும், 2017இல் என்ஸ்கெடே நகரில் டென்மார்க்கை 4-2 என்று வீழ்த்தி அந்நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையையே கைப்பற்றினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் கடந்த தூரம் விளங்கும். ஏ.இசட். கழகமும் 2023இல், உள்ளூர் அணியொன்றைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு, பெண்கள் ஆட்டத்திற்குத் திரும்பியது.